அப்பா பக்கத்தையும் பாருங்கள்

கேள்வி: என் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த வயதிலேயே வயிற்றில் கட்டி வந்து இறந்தாராம். எனக்கு 32. அம்மா வழியில் யாருக்கும் இல்லையே, உனக்கென்ன பயம் என்கிறார்கள் வீட்டில். சரிதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சரியில்லை தங்கச்சி. மார்பகப் புற்றுநோய் பெண்கள் சமாச்சாரம், அதனால் அம்மா பக்கம் பார்த்தால் போதும் என்று நம் தோட்டப்புறத்தில் பலரும் நினைக்கிறார்கள், டாக்டர் கேட்டாலும் அப்பா பக்கத்தைச் சொல்வதில்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் ஆணுக்கும் உண்டு. டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது அவற்றின் வேலை. அதில் பழுது இருக்கிற ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனா மகளா என்று பார்க்காது. பாட்டியிடமிருந்து அது வந்திருந்தாலும் உங்கள் அப்பா ஒரு நோயும் இல்லாமல் இருந்துகொண்டே உங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த 'வயிற்றுக் கட்டி'தான் என்னை உறுத்துகிறது. அது கருப்பைக் கட்டியா, சினைப்பைப் புற்றுநோயா, குடலா? இதே மரபணுக்கள் பழுதானால் சினைப்பையிலும் புற்றுநோய் வரலாம், அதனால் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பயமுறுத்தவில்லை. மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் இப்படிப் பரம்பரையாக வருகிறது. ஆனால் பழுது இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் 100க்கு 70 பேர் அளவுக்கு வந்துவிடுகிறது, அதுவும் இளம் வயதிலேயே ஆரம்பிக்கும் என்பதால்தான் 41 என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பக்கச் சொந்தங்களையும் வரைந்து, யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று எழுதி, அரசாங்கக் கிளினிக்கில் காட்டி மரபணு ஆலோசனைக்குக் கடிதம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையை முதலில் அத்தைக்குச் செய்வதுதான் நல்லது. அவரிடம் பழுது தெரிந்தால் உங்கள் மரபணுவிலும் அதே இடத்தை மட்டும் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம்; அவரை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. பழுது உங்களுக்கும் இருந்தால் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ ஸ்கேன், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே என்று நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன.

அத்தையிடம் எப்படிக் கேட்பது என்றுதானே தயங்குவீர்கள்? அவருக்கு மகள் இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்கள் இரண்டு பேருக்காகவும்தான் அத்தே" என்று கேட்டுப் பாருங்கள்.