யாட்டுக்கு ஒரு பழைய டிங்கி

கேள்வி: சின்ன யாட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். நங்கூரம் போட்ட இடத்துலேர்ந்து கரைக்குப் போய்வர செகண்ட்ஹேண்ட் டிங்கி, அதாவது குட்டிப் படகு, தேடுறேன், கையில காசு கம்மி. எதைப் பாத்து வாங்கணும்?

பதில்: துடுப்பு போட்டே போறதா இருந்தா கெட்டியான ஃபைபர் டிங்கிதாங்க நேரா போகும், காத்தடிச்சு உப்ப வைக்கிற டிங்கியை காத்து பக்கவாட்டுல தள்ளிடும், ஆனா அதை டெக்குல சுருட்டி வைக்கலாம், யாட்டுல உரசினாலும் பெயிண்ட் போகாது.

உப்ப வைக்கிற டிங்கியில விலை கம்மியா வர்றது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்ல செஞ்சது. ரொம்ப நாள் வெயில்ல கிடந்திருந்தா தடவும்போதே கையில பிசுபிசுன்னு ஒட்டும், ஒட்டு போட்ட ஓரம் பிரிஞ்சு வரும், அப்படி இருந்தா சும்மா குடுத்தாலும் வேண்டாம். ஹைப்பலான்னு ஒரு செயற்கை ரப்பர்ல செஞ்சது வெயிலை நல்லாவே தாங்கும். சின்ன ஓட்டைன்னா பயப்படாதீங்க, ஒட்டிக்கலாம், பிவிசிக்கு வேற பசை ஹைப்பலானுக்கு வேற பசை, அவ்வளவுதான்.

முழுசா காத்தடிச்சு சோப்புத் தண்ணி தடவுங்க, கசியுற இடத்துல குமிழி வரும். ராத்திரி முழுக்க விட்டுப் பாக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, காலையில லேசா தளர்ந்திருந்தா அது குளிர்ல காத்து சுருங்கினது, தொளதொளன்னு ஆகியிருந்தாதான் பிரச்சனை.

மோட்டார் மாட்டுற பின்பலகையை அவசியம் தட்டிப் பாருங்க, மொத்துன்னு சத்தம் வந்தா உள்ள பலகை ஊறிப்போயிருக்கும், அதை நம்பி மோட்டார் மாட்டாதீங்க.

சீசன் முடியுறப்ப மரீனாவுல, அதாவது யாட்டுங்க நிறுத்துற துறையில, நோட்டீஸ் போர்டு பாருங்க, படகை மாத்துறவங்க பழசை வைக்க இடமில்லாம கம்மி விலைக்கே குடுத்துடுவாங்க.