மாதம் 47 பவுண்டுக்குப் புது பாய்லர்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் மூன்று படுக்கையறை உள்ள சொந்த வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். குளியலறை ஒன்றுதான். 2010-இல் பொருத்திய காம்பி பாய்லர் (ரேடியேட்டர்களையும் குழாய் வெந்நீரையும் ஒன்றே சூடாக்கும் வகை) போன குளிர்காலத்தில் இரண்டு முறை நின்றுபோனது. ஒருமுறை போர்டு மாற்றினோம். இப்போது தண்ணீரைச் சூடாக்கும் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகுகிறது, சரிசெய்ய 550 பவுண்டு ஆகும் என்கிறார் மெக்கானிக். ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்து, 35 கிலோவாட் பாய்லர் 3,400 பவுண்டு, பத்து வருடத்துக்கு மாதம் 47 பவுண்டு கட்டினால் போதும், வட்டி 11.9 சதவீதம், கேஸ் செலவிலேயே வருடம் 340 பவுண்டு மிச்சமாகும் என்றார். கணவருக்குத் தெரிந்த ஒருவர் 1,700 பவுண்டு கையில் கொடுத்தால் ஒரே நாளில் மாட்டித் தருவதாகச் சொல்கிறார். கேஸ் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி வேண்டிய கேஸ் சேஃப் பதிவு அவரிடம் இல்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான கேஷ் ஐஸாவில் 6,500 பவுண்டு இருக்கிறது, அதைத் தொடப் பயமாக இருக்கிறது. 5,000 பவுண்டு சீட்டு ஒன்றும் கட்டி வருகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: ஐஸா பணத்தில் எடுத்து மாற்றுங்கள். பத்து வருடக் கடன் வேண்டாம். அந்தத் தெரிந்தவர் வேண்டவே வேண்டாம்.

கம்பெனிக்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தாலும் பதற வேண்டாம். வீட்டுக்கு வந்து எழுதி வாங்கிய ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கடன் ஒப்பந்தத்துக்கும் தனியாக 14 நாள் உண்டு. தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாமல் இரண்டையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அந்த நாட்களுக்குள் வேலையைத் தொடங்கும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொடங்கிவிட்டால் செய்த வேலைக்குப் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை வந்துவிடும்.

இப்போது அந்த 47 பவுண்டைப் பார்ப்போம். 3,400 பவுண்டுக்கு 11.9 சதவீத வட்டி, 120 மாதம். மொத்தம் நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய 5,690 பவுண்டு. வட்டி மட்டும் சுமார் 2,290. ஏறத்தாழ இன்னொரு பாய்லரின் விலை அது. பாய்லரின் ஆயுளே பத்துப் பதினைந்து வருடம்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடைசித் தவணை கட்டும்போது அடுத்த பாய்லருக்கான பேச்சு தொடங்கியிருக்கும்.

வருடம் 340 பவுண்டு மிச்சம் என்ற பேச்சுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. உங்கள் பழைய பாய்லரிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வெளிச்சாக்கடைக்கோ சிங்க் குழாய்க்கோ போகிறதா என்று பாருங்கள். போனால் அது கண்டென்ஸிங் வகை, அதாவது புகையோடு வீணாகும் வெப்பத்தையும் பிடித்துப் பயன்படுத்துவது. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்குகள் போக, அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். உங்களுடையது 2010, ஆகவே பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதன் திறன் 84 சதவீதம், புதியது 91 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,000 யூனிட் கேஸ் எரிக்கிறீர்கள் என்றால் மிச்சமாவது 920 யூனிட் அளவில். யூனிட் 6 பென்ஸ் என்றால் வருடத்துக்கு 55 பவுண்டு. எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைக்கும் விலை வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். 70 சதவீதத் திறனில் ஓடும் மிகப் பழைய பாய்லராக இருந்தாலும்கூட மிச்சம் 166 பவுண்டைத் தாண்டாது. வட்டி மட்டுமே சராசரியாக வருடம் 229 பவுண்டு போகும் கடனை 55 பவுண்டு மிச்சத்தைக் காட்டி விற்கிறார்கள். பாய்லர் மாற்றுவது ஒரு செலவு, வீட்டுக்குத் தேவையான செலவு. முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் பழையதையே 550 கொடுத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். டைவர்டர் வால்வோ ஃபேனோ மாதிரி ஒரு சின்ன பாகம் போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போர்டு போய், அடுத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகும் இத்தனை வயதான இயந்திரத்தில் 550 போடுவது வீண். அதிலும் வயதான மாமியார் வீட்டில் இருக்கிறார். ஜனவரியில் பாய்லர் நின்று, கிடைத்த ஆளை அவர் கேட்ட விலைக்குப் பிடிக்கும் நிலை வரக்கூடாது. அக்டோபர் பாதிக்குமேல் நல்ல ஆட்கள் கிடைப்பது கஷ்டம்.

வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் மூலம் ஏர் சோர்ஸ் ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. பொருத்துபவரே விண்ணப்பித்து விலையில் கழித்துவிடுவார். அதற்கு வாட் (VAT) வரியும் இப்போது இல்லை, கேஸ் பாய்லருக்கு 20 சதவீதம் உண்டு. ஆனால் மானியம் போகவும் பல வீடுகளில் சில ஆயிரங்கள் கைக்காசு வேண்டியிருக்கும். வெந்நீர்த் தொட்டி வைக்க இடம் வேண்டும், சில ரேடியேட்டர்களை மாற்ற வேண்டும். மின்சார யூனிட் விலை கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பம்ப் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தாலும் ஓட்டும் செலவு குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யலாம், தனிக் கட்டணத் திட்டம் எடுத்தால் ஒழிய. உங்கள் சேமிப்பையும் நேரத்தையும் பார்த்தால் இந்த முறை கேஸ்தான் சரி. இருக்கிற வீட்டில் கேஸ் பாய்லரை மாற்றத் தடை எதுவும் இல்லை.

சரி, 35 கிலோவாட் உங்களுக்குத் தேவையா? காம்பி பாய்லரில் அந்த எண் குழாயில் வரும் வெந்நீருக்கானது. ரேடியேட்டர்களைச் சூடாக்க உங்கள் அளவு வீட்டுக்கு 8 முதல் 12 கிலோவாட் போதும். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, அளவு தெரிந்த ஒரு வாளியை வைத்து, கைபேசியில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். 11 லிட்டர்தான் வருகிறது என்றால், நிமிடத்துக்கு 14 லிட்டர் நீரைச் சூடாக்கும் 35 கிலோவாட் பாய்லரால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வராத தண்ணீரை அது எப்படிச் சூடாக்கும்? 30 கிலோவாட் நிமிடத்துக்கு 12 லிட்டரை 35 டிகிரி ஏற்றிக் கொடுக்கும். ஒரே குளியலறை உள்ள வீட்டுக்கு அது தாராளம். பெரியதற்குச் சில வீடுகளில் கேஸ் குழாயை 15 மில்லிமீட்டரிலிருந்து 22-க்கு மாற்ற வேண்டி வரும், அது தனிச் செலவு. பொருத்துபவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: சூடாக்கும்போது இந்த பாய்லர் எவ்வளவு கீழே இறங்கி எரியும்? மூன்று, நான்கு கிலோவாட் வரை இறங்குவது நல்லது. இறங்காதது அணைந்து அணைந்து எரிந்து கேஸையும் தன்னையும் வீணடிக்கும். வொர்செஸ்டர் பாஷ், வைலன்ட், ஐடியல், வீஸ்மன் எதுவானாலும் பிராண்டை விட இதுவும், பொருத்துகிற கையும் முக்கியம்.

அந்தக் கை பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கேஸ் சேஃப் பதிவு இல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு பாய்லர் பொருத்துவது சட்டவிரோதம். 1,700-க்கும் முறையான விலைக்கும் இடையில் மிச்சமாகும் ஆயிரம் பவுண்டு ஒன்றுமே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பணக் கணக்கை மட்டும் பார்த்தாலும் நட்டம்தான்: பாய்லர் தயாரித்த கம்பெனி வாரண்டி தராது, வீட்டு இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கட்டட விதிச் சான்றிதழ் எங்கே என்பார். நம் ஊர்க்காரர், முகத்தை முறிக்க முடியாது என்று உங்கள் கணவர் தயங்கலாம். 'இன்ஷூரன்ஸ்காரர் கேஸ் சேஃப் சான்றிதழ் கேட்கிறார்' என்று சொல்லட்டும், பேச்சு அதோடு முடியும்.

உங்கள் பகுதியில் மூன்று கேஸ் சேஃப் ஆட்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். அதில் பாய்லர் இருக்கிறதா பாருங்கள். எண்ணை கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டும் பார்க்கலாம். பழையது இருந்த இடத்திலேயே புது காம்பி வைக்க, லண்டனில் 2,500 முதல் 3,000 பவுண்டு வரை கேட்பார்கள். அந்த விலைக்குள் பழைய நீரைக் கழுவி வெளியேற்றுவது, காந்த ஃபில்டர், துருத்தடுப்பு மருந்து, கார்பன் மோனாக்சைடு அலாரம், வெப்பநிலையையும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் ரூம் கண்ட்ரோல், பழையதை அகற்றுவது எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கழுவாமல் மாட்டினால் பதினைந்து வருடச் சேறு புது பாய்லரின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் உட்காரும். வாரண்டிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். மொத்த விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000-ஐத் தாண்டாமலும் இருந்தால், 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, ஆள் வேலையை விட்டு ஓடினால் கார்டு கம்பெனியும் பொறுப்பு. முன்பணம் மட்டும் கார்டில் போனாலும் முழு வேலைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அடுத்த பில்லிலேயே கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். மீதியை வேலை முடிந்து, பாய்லர் ஓடி, பொருத்திச் சோதித்த விவரங்களை எழுதும் பெஞ்ச்மார்க் படிவம் நிரப்பிக் கொடுத்த பிறகே கொடுங்கள்.

ஐஸாவில் 2,800 எடுத்தால் 3,700 நிற்கும். எடுத்த தொகைக்கு 4 சதவீத வட்டி என்றாலும் வருடம் 112 பவுண்டுதான் இழப்பீர்கள். அவசரத்துக்கு என்று சேர்த்த பணம்தானே, இதுதான் அந்த அவசரம். மாதம் 100 பவுண்டு போட்டால் 28 மாதத்தில் மீண்டும் நிறைந்துவிடும். சீட்டை இதற்காக ஏலத்தில் தள்ளி எடுக்காதீர்கள். கையில் பணம் இருக்கும்போது சில நூறு பவுண்டை விட்டுக்கொடுத்து எடுப்பதில் அர்த்தமில்லை. கடைசி வரை போகட்டும், ஆனால் அடுத்த சீட்டில் சேருமுன் யோசியுங்கள். நடத்துபவர் கைவிட்டால் கேட்க ஆளில்லை.

பொருத்திய அன்றே ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை 60 டிகிரிக்கு, முடிந்தால் 55-க்கு இறக்கச் சொல்லுங்கள். பலரும் 75, 80-இல் விட்டுப் போய்விடுவார்கள். திரும்பி வரும் நீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திறன் முழுதாகக் கிடைக்கும். கடும் குளிரில் மாமியாரின் அறை சூடாகவில்லை என்றால் தயங்காமல் வெப்பநிலையைக் கூட்டுங்கள்.

பொருத்தியவர் வாரண்டியை 30 நாட்களுக்குள் பாய்லர் தயாரித்த கம்பெனியில் பதிவு செய்தாரா என்று கேட்டு வாங்குங்கள். கட்டட விதிச் சான்றிதழ் சில வாரங்களில் தபாலில் வரும், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வருடம் ஒருமுறை சர்வீஸ், நூறு பவுண்டு அளவில் ஆகும். ஒரு வருடம் தவறினாலும் வாரண்டி போய்விடக்கூடும். பழைய பாய்லருக்கு மாதாமாதம் பழுதுக் காப்பீடு (கவர்) கட்டி வந்தால் வாரண்டி தொடங்கிய அன்றே அதை நிறுத்தி, அந்தப் பணத்தையும் ஐஸாவுக்கே திருப்பிவிடுங்கள்.