கிராமத்துக்கும் நகரத்துக்கும் இவ்வளவு வருமான இடைவெளி ஏன்?

நான் திண்டுக்கல் மாவட்டத்துக்காரன். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பொருளாதாரம் படித்தவன் அல்லன். அதனால் என் அப்பா ஒரு நாள் தக்காளி விற்ற கணக்கையே சொல்கிறேன்.

அன்று 20 பெட்டி, பெட்டிக்கு 14 கிலோ. ஏலத்தில் பெட்டி 70 ரூபாய்க்குப் போனது, மொத்தம் 1,400. மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து, 140 போயிற்று. வண்டி வாடகை 400. பறித்த மூன்று பெண்களுக்குக் கூலி 900. கையிலிருந்து 40 ரூபாய் போட்டுவிட்டு அப்பா வீடு திரும்பினார். விதை, உரம், மருந்தெல்லாம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அன்று மாலை என் தெருக் கடையில் தக்காளி கிலோ 24 ரூபாய்.

"விலை ஏறும்வரை விற்காமல் இருக்கலாமே?" என்று அலுவலக நண்பர் கேட்டார். பழுத்த தக்காளி காத்திருக்காது. பக்கத்தில் குளிர்பதனக் கிடங்கும் இல்லை. போதாததற்கு, நாற்று வாங்க முன்பணம் தந்தவரே அந்த மண்டிக்காரர்தான். வேறு கடைக்கு எந்த முகத்தோடு போவது? தக்காளிக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய் என்று 2024இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று சொன்னது. அப்பாவுக்கு அன்று அதுவும் கிடைக்கவில்லை.

விலை மட்டும் காரணமல்ல. 2023-24 கணக்குப்படி நாட்டில் உழைப்பவர்களில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. சின்ன இலையில் பெரிய பந்தி. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதையும் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

செலவை வைத்துப் பார்த்தால் இடைவெளி குறைந்துதான் வருகிறது. 2011-12இல் நகரத்தவரின் மாதச் செலவு கிராமத்தவரைவிட 84 சதவீதம் அதிகம். 2023-24இல் 70 சதவீதம். (அதில் ஒரு பங்கு என்னைப் போன்றவர்கள் அழும் வீட்டு வாடகை.) ஆனால் இது விளைச்சலால் மட்டும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை வேன் எங்கள் ஊருக்கும் வருகிறது. சித்தப்பா மகன் அதில்தான் வேலைக்குப் போகிறான். போன மாதம் அவர்கள் கிணற்று மோட்டார் கருகியபோது பழுது பார்த்தது தக்காளிக் காசில் அல்ல, அவன் சம்பளத்தில்.