மொட்டை மாடியில் செங்குத்து அச்சுக் காற்றாலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடற்கரைக்கு அருகே மூன்று மாடிக் கட்டடத்தில் வசிக்கிறோம். 200 லிட்டர் டிரம் ஒன்றை நெடுக்காக இரண்டாக வெட்டி, மொட்டை மாடியில் செங்குத்து அச்சுக் காற்றாலை அமைக்க நானும் பொறியியல் படிக்கும் என் மகனும் விரும்புகிறோம். ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் இயங்குமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: விளக்கு எரியும், மின்விசிறியை இதில் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் குறிப்பிடுவது பின்லாந்துப் பொறியாளர் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் உருவாக்கிய சுழலி. மேலிருந்து பார்த்தால் அதன் இரு அரை உருளைகள் ஆங்கில எஸ் எழுத்தைப் போல நிற்கும். குழிந்த பக்கம் காற்றை அதிகமாகத் தடுப்பதாலும் குவிந்த பக்கம் அதை வழுக்கிச் செல்ல விடுவதாலும் அது சுழல்கிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் திரும்ப வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால், எந்தக் காற்றாலையும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் விதி என்றால், வீட்டில் செய்த சவோனியஸ் சுழலியில் 15 விழுக்காடு கிடைப்பதே நல்ல வேலைப்பாட்டின் அடையாளம்.

உங்கள் டிரம்மின் இரு பாதிகளையும் நடுவில் சுமார் 10 செ.மீ. ஒன்றையொன்று தாண்டும்படி வைத்தால், சுழலி ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் 88 செ.மீ. உயரமும் கொண்டதாக, 0.9 சதுர மீட்டர் காற்றைப் பிடிக்கும். வினாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்று அந்தப் பரப்பில் கொண்டுவருவது சுமார் 35 வாட். அதில் அச்சுக்கு வருவது 5 வாட். ஜெனரேட்டரிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளிலும், வயரிலும் போக, பேட்டரிக்குச் சேர்வது 3 வாட் அளவில்தான் இருக்கும். அந்தக் காற்று நாள் முழுவதும் ஓயாமல் வீசினாலும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 8 மணி நேரம் எரியும், அவ்வளவே. ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், தகட்டை வெட்டும் முன்பே காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு அனிமாமீட்டர் வாங்கி, சுழலி நிற்கப்போகும் உயரத்திலேயே காலையிலும் கடற்காற்று வீசும் நேரத்திலும் இரவிலும் சில வாரங்களாவது அளந்து எழுதி வையுங்கள். கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குள் காற்று சுழித்து வலுவிழக்கும். சுழலியின் அடிப்பகுதி சுவருக்கு மேல் இரண்டு மீட்டராவது உயர்ந்திருப்பது நல்லது.

பழைய இரும்பு டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அதை வெட்டவே வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய பெயின்ட் தின்னர் போன்றவற்றின் ஆவி கிரைண்டர் பொறியில் வெடிக்கும். தண்ணீர் பிடிக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம் எடை குறைந்தது, கடற்கரை உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது.

கேள்வி: புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய கார் ஆல்டர்னேட்டரை (எஞ்சினால் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) நேரடியாக அச்சில் பொருத்தலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கூடாது. மேலே சொன்ன சுழலி வினாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில் நிமிடத்துக்கு 60 சுற்று அளவில்தான் ஓடும். கார் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கவே ஆயிரம் சுற்றுகளையொட்டிய வேகம் வேண்டும், அதன் காந்தப் புலத்துக்கும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் போகும். பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் கூட்டினால், கிடைக்கும் 5 வாட்டில் பெரும்பங்கு உராய்விலேயே கரைந்துவிடும். வலுமிக்க நியோடிமியம் காந்தங்களை இரு வட்டத் தகடுகளில் ஒட்டி, நடுவே கம்பிச் சுருள்களை ரெசினில் பதித்துச் செய்யும் மெதுவேக ஜெனரேட்டரே இதற்குப் பொருந்தும். புதுப்பேட்டையில் வாங்கத் தகுந்தது பழைய கார் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்; அதிலுள்ள பேரிங் சுழலியின் முழு எடையையும் தாங்கும். டையோடுகள் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

கேள்வி: புயல் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், எண்ணூர்

பதில்: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் வீசியது. அந்த வேகத்தில் இச்சிறு சுழலியின் மீதே சுமார் 50 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை விழும். ஆகவே கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் கட்டாமல், கட்டடத் தூணின் தலையில், பொறியாளர் ஒருவரைக் கேட்டுப் பொருத்துங்கள். தட்டோட்டில் துளையிட்டால் மழைநீர் கசியும். ஜெனரேட்டரின் மூன்று வயர்களையும் ஒன்றாக இணைத்தால் சுழலி வேகம் குறையும் என்றாலும், புயலுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. சுழலியின் அடித் தகட்டிலும் கம்பத்திலும் நேருக்கு நேர் துளையிட்டு, 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைச் செருகிப் பூட்டும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிட்டு, எச்சரிக்கை வந்த அன்றே, காற்று வலுக்கும் முன் பூட்டிவிடுங்கள்.