ஆமி போனாப்பிறகு ஆர் மிஞ்சினது?

கடிதம்:

அண்ணா, போர் வேணாமெண்டு ஓட்டுக் கேட்ட ட்ரம்ப் 2025 ஜூனில ஈரான்ட அணு நிலையங்களுக்கு குண்டு போட்டார். இஞ்ச, இந்தியாவ எதிர்த்து 87ல கலவரம் செஞ்ச ஜேவிபி கட்சி இப்ப ஆட்சிக்கு வந்து இந்தியாவோட பாதுகாப்பு ஒப்பந்தம் வச்சிருக்கு. இப்பிடி நிலைப்பாட்ட மாத்திறாக்கள நம்பவே ஏலாதுதானே?
களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, மாறினத மட்டும் வச்சு ஒருத்தர தள்ளிவைக்க எனக்கு மனம் வரல்ல, ஏனெண்டா மாறினது தலைவர்மார் மட்டுமில்ல, நாமளும்தான். 87ல இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோட இந்தியன் ஆமி மட்டக்களப்புக்கு வரக்குள்ள நம்மட சனம் மாலையோட றோட்டுல நிண்டது, நான் அப்ப எட்டாம் ஆண்டு, அப்பாக்கு பக்கத்துல நிண்டு கை காட்டினன். மறுகா ஒக்டோபர்ல வடக்குல சண்டை தொடங்கி இஞ்சயும் சுத்திவளைப்பு, தலையாட்டி (முகத்த மூடிக்கொண்டு ஆக்கள காட்டிக்குடுக்கிறவன்) எல்லாம் வந்தாப்பிறகு, 88 மார்ச் 19ல நம்மட மட்டக்களப்புத் தாய் அன்னை பூபதி மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில சாப்பாடில்லாம குந்தினா. சண்டைய நிப்பாட்டுங்க, புலிகளோட பேசுங்க, அவ்வளவுதான் அவ கேட்டது. ஏப்ரல் 19ல செத்துப்போனா. மாலை போட்ட அதே சனந்தான் அவவ சுத்தி நிண்டதும். கண்ணால கண்டதாலதான் அந்த மனசு மாறினது, அத ஆரும் பிழையெண்டு சொல்ல ஏலாது.

தலைவர்மார்ட மாற்றம் வேற. வேற நாட்ட கட்டியெழுப்புறது எங்கட ஆமிட வேலையில்ல எண்டு 2000ல சொன்ன புஷ் 2003ல ஈராக்குக்குள்ள போனார். ஈராக் போர 2002லயே எதிர்த்த ஒபாமா, 2011ல பெங்காசி சனத்த காப்பாத்த எண்டு லிபியாவுக்கு குண்டு போட்டார், கடாபி விழுந்தாப்பிறகு என்ன செய்யிறதெண்டு திட்டம் போடாததுதான் தன்ட பெரிய பிழையெண்டு மறுகா அவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது நல்லம், ஆனா லிபியாக்காரன்ட வீடு திரும்பி வரல்லயே.

நம்மட கதையும் அதுதான். 87 ஜூன் 4ல இந்தியா யாழ்ப்பாணத்துல விமானத்தால பருப்பு, சாப்பாட்டுச் சாமான் போடக்குள்ள இறைமைய மீறிட்டாங்க எண்டு கத்தின ஜனாதிபதி ஜே.ஆர் ஜெயவர்த்தனட அரசு, ரெண்டு மாசம் ஆக முதல் ஜூலை 29ல ராஜீவ் காந்தியோட ஒப்பந்தம் வச்சது. பிரதமரா இருந்து அத எதிர்த்த பிரேமதாச, ஜனாதிபதி ஆனதும் 89 ஜூன் 1ல இந்தியன் ஆமிய வெளிய போகச் சொன்னார், அதுக்காக புலிகளுக்கு ஆயுதமும் குடுத்தார், அடுத்த வருசம் ஜூன்ல அதே புலிகளோட சண்டை. டெல்லியிலயும் வி.பி.சிங் பிரதமரா வந்தார், 90 மார்ச் 24ல கடைசி ஆமிக்காரனும் திருகோணமலையில கப்பல் ஏறினான்.

அந்த இடைக்குள்ள இஞ்ச நடந்தத நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு எரியுது தம்பி. போகப்போறம் எண்டு தெரிஞ்சாப்பிறகுதான் இந்தியன் ஆமியும் அவங்களோட நிண்ட தமிழ் இயக்கங்களும் தமிழ் தேசிய ராணுவம் எண்டு ஒண்ட உண்டாக்கி பள்ளிக்கூடப் பொடியன்மாரையும் புடிச்சுக்கொண்டு போனாங்க. எங்கட ஒழுங்கையில ஏ.எல் எடுக்க இருந்த அண்ணாமாரை பகலில வயல் வாடியிலயும் இரவில கோயில் மடத்திலயும் ஒளிச்சு வச்சவை, என்ட அம்மா சோத்துப் பார்சல் கட்டி என்னட்ட குடுத்து விடுவா. ஒளிக்க இடமில்லாத பிள்ளைகள்தான் மாட்டினது. 89 முடிவுல ஆமி அம்பாறைய விட்டுப் போக, துவக்க ஒழுங்கா புடிக்கவே தெரியாத அந்தப் பொடியன்மார புலிகள் அடிச்சாங்க, எத்தின தாய்மார் உடம்பு கூட காணல்ல. கொழும்புலயும் டெல்லியிலயும் ஒரு அறிக்கை மாறினா இஞ்ச ஒரு பிள்ளை எந்த யூனிஃபோமோட நிக்குதெண்டதுல உசிர் போகும், ஒருத்தரும் அதுக்கு பொறுப்பெடுக்கல்ல.

ஜேவிபிய பத்தி கேட்டீங்க. இந்தியச் சாமான் விக்கக்கூடாதெண்டு கடைகள வெருட்டின கட்சி, வழக்குப் போட்டு, ஒண்டா இருந்த வடக்கு கிழக்கு மாகாணங்களயும் 2006ல பிரிச்ச கட்சி, 2025 ஏப்ரல் 5ல மோடி கொழும்புக்கு வரக்குள்ள பாதுகாப்பு ஒப்பந்தம் வச்சது. மாறினது எனக்கு கோவமில்ல, அயல் நாட்டோட பகைச்சுக்கொண்டு இருக்க ஏலாது. கோவம் என்னெண்டா கையெழுத்து வச்ச கையோட அதில என்ன இருக்கெண்டு சனத்துக்கு காட்டாததுதான். 87லயும் ஒப்பந்தம் வச்சு அடுத்த நாளே ஆமி வந்து இறங்கிட்டு, நாம அந்தத் தாள வாசிச்சு முடிக்கல்ல. இந்தத் தடவையாவது முதல் வாசிக்கத் தாங்க, தமிழிலயும் தாங்க எண்டுதான் நான் கேக்கிறன்.