கடதாசி சரியென்றால்தான் பயணம்: வாசகர் கேள்வி பதில்

இலங்கையிலிருந்து வெளிநாடு செல்வோருக்கான கீழுள்ள பதில்கள் கொவிட் காலத்தில், 2022 பெப்ரவரி இறுதி வார நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. இவற்றில் வரும் விதிகளும் விலைகளும் அன்றைய நிலை, இன்றைக்கு அப்படியே பொருந்தா. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாடு விதியை மாற்றிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கும் நாளிலும் பறப்பதற்கு மூன்று நாள் முன்பும் அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தை மறுபடி பாருங்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நால்வராகச் சிங்கப்பூர் போக நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு 14, 9 வயது. விசா தேவையில்லைத்தானே, வேறென்ன வேண்டும்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: விசா வேண்டாம், சரி. ஆனால் முன் அனுமதி வேண்டும். 2021 டிசம்பர் 16 முதல் இலங்கையும் தடுப்பூசி பெற்றோருக்கான சிங்கப்பூர்ப் பயணப் பாதையில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பாதைக்கென்று குறித்த விமானத்தில்தான் ஆசனம் எடுக்க வேண்டும். விலை குறைவென்று வேறொரு பறப்பில் எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்கள் குடும்பத்தில் சிக்கல் 14 வயதுப் பிள்ளைதான். இந்த ஆண்டில் 12 வயதைத் தாண்டாத பிள்ளைகள் ஊசியில்லாமல் பெற்றோருடன் வரலாம். அதற்கு மேற்பட்டவர்கள் ஊசியை முழுமையாகப் போட்டு, இரண்டு வாரம் கடந்திருக்க வேண்டும். இங்கே 12 முதல் 15 வயதினருக்கு பைசர் தொடங்கியதே ஜனவரி 7இல். ஒரு ஊசியோடு நிற்கும் பிள்ளைக்கு ஏப்ரல் பயணம் கைகூடாது. அப்படியென்றால் ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.

புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளுக்குள் பிசிஆர் அல்லது பயிற்சி பெற்றவர் எடுக்கும் அன்டிஜன் பரிசோதனை. இறங்கி 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை நிலையத்தில் மேற்பார்வையோடு ஒரு அன்டிஜன். விமான நிலைய பிசிஆரும் முடிவு வரும்வரை அறைக்குள் காத்திருப்பதும் பெப்ரவரி 22ஆம் திகதியோடு போய்விட்டன. கொவிட் சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டொலர் காப்புறுதி கட்டாயம். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள்.

முதலில் தடுப்பூசிச் சான்றிதழ், அடுத்து அனுமதி, கடைசியாகத்தான் பணம் திரும்பாத எதுவும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து நட்டப்படுகிறார்கள்.

கேள்வி: ஊசி போட்ட அட்டையில் என் பெயர் முதலெழுத்தோடு இருக்கிறது. கடவுச்சீட்டில் முழுப் பெயர். மனைவியின் அட்டையில் என் பெயரும் சேர்ந்திருக்கிறது, அவரது கடவுச்சீட்டிலோ தகப்பன் பெயர். இது பிரச்சினையாகுமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஆகும். தமிழ்க் குடும்பங்களில் இது அதிகம். ஊசி நிலையத்தில் வரிசை நீளம், எழுதுபவர் கேட்டதை எழுதுகிறார், நாமும் வாசித்துப் பார்ப்பதில்லை. விமான நிறுவன ஊழியர் கடவுச்சீட்டையும் சான்றிதழையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார். அவருக்கு நம் பெயர் வைக்கும் வழக்கம் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

கையால் எழுதிய அட்டையைக் கொண்டு பயணம் போக எண்ணாதீர்கள். வெளிநாடு செல்வோருக்காகச் சுகாதார அமைச்சு கியூஆர் குறியீட்டுடன் டிஜிட்டல் சான்றிதழ் தருகிறது. அமைச்சின் இணையத்தளத்தில் கடவுச்சீட்டுப் பிரதியும் ஊசி அட்டைப் பிரதியும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். பெயரை கடவுச்சீட்டின் தகவல் பக்கத்தில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் அடியுங்கள்.

விண்ணப்பம் இழுபட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு ஊசியின் விவரம் கணினியில் ஏறவில்லை, அல்லது அடையாள அட்டை இலக்கம் பிழையாக ஏறியிருக்கிறது. பழைய ஒன்பது இலக்க எண்ணை ஒருமுறையும் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணை மறுமுறையும் கொடுத்தவர்களுக்கும் இதே கதிதான். ஊசி போட்ட பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அட்டையோடு நேரில் போய்த் திருத்துங்கள். இன்னொரு பகுதிப் பணிமனையில் போய் நின்றால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். மனைவிக்குத் திருமணச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியும் எடுத்துச் செல்லுங்கள். இந்த வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்குவது அதிகமில்லை.

கண்டிப் பக்கம் ஸ்புட்னிக் வி போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் அது இன்னும் இல்லை. சினோபார்ம், கோவிஷீல்ட், பைசர், மொடர்னா ஆகியவை இருக்கின்றன. ஸ்புட்னிக்குக்குப் பிறகு பைசர் பூஸ்டர் போட்டாலும் எல்லா நாடும் உங்களை முழுமையாக ஊசி பெற்றவராகக் கணக்கிடும் என்றில்லை.

கேள்வி: 72 மணி நேர பிசிஆர் என்கிறார்கள். எந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்? (வத்தளை வாசகர்)

பதில்: மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. முடிவு வந்த நேரத்திலிருந்தல்ல. அறிக்கையில் இரண்டு நேரமும் அச்சாகியிருக்கும். மாதிரி எடுத்த நேரம் இல்லாத அறிக்கையை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். விமானம் சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்கு என்று வைப்போம். (நள்ளிரவு தாண்டிய விமானத்தில்தான் திகதி மாறிப்போகிறது: நீங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவது வெள்ளி இரவு.) 72 மணி நேரம் பின்னால் போனால் புதன் அதிகாலை 1 மணி. புதன் காலை 9 மணிக்கு மாதிரி கொடுத்தால் விமானம் ஏறும்போது 64 மணி நேரமாகியிருக்கும், கையில் மிச்சம் 8 மணி. விமானம் அரை நாள் தாமதித்தால் அறிக்கை காலாவதி. ஆகவே வியாழன் காலை கொடுங்கள். அன்றிரவோ வெள்ளி காலையோ முடிவு வரும், பெயர் பிழையைத் திருத்தவும் பகல் பொழுது இருக்கும். வெள்ளிக்குத் தள்ள வேண்டாம். போயா நாளும் ஞாயிறும் இடையில் வந்தால் ஆய்வுகூடம் எத்தனை மணிவரை மாதிரி எடுக்கிறது என்று முதலே கேளுங்கள்.

சிங்கப்பூர் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை, நாட்கணக்கு. சனிக்கிழமை விமானமென்றால் வியாழன் எந்நேரமும் சரி. மாலைதீவு அப்போது 96 மணி நேரம் தந்தது.

தனியார் மருத்துவமனைகளில் பிசிஆருக்கு அரசாங்கம் விதித்த உச்சவிலை அப்போது 6,500 ரூபாய், அன்டிஜனுக்கு 2,000 ஆக இருந்தது. கடவுச்சீட்டு இலக்கத்தையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் மறுபடி அச்சிட நேரமெடுக்கும்.

கேள்வி: ஜனவரியில் எனக்குக் கொவிட் வந்து குணமாகிவிட்டது. ஏப்ரலில் போகலாமா? (தெஹிவளை வாசகி)

பதில்: போகலாம். ஆனால் குணமான பின்னும் வாரக்கணக்கில் பிசிஆர் பொசிட்டிவ் காட்டலாம். உயிரில்லாத வைரஸ் துணுக்குகளையும் அந்தப் பரிசோதனை பிடித்துவிடும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு பிசிஆர் எடுத்துப் பாருங்கள். டிக்கெட்டைத் திகதி மாற்ற அப்போது இன்னும் அவகாசம் இருக்கும். முதல் பொசிட்டிவ் அறிக்கையை எறிந்துவிட வேண்டாம். குணமடைந்தவருக்குச் சலுகை தரும் நாடுகள் அதைத்தான் கேட்கும்.

கேள்வி: அம்மா, அப்பாவோடு திருச்செந்தூர், இராமேஸ்வரம் போக ஆசை. என்னிடம் 2019இல் எடுத்த ஐந்து வருட இந்திய இ-விசா இருக்கிறது. (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: திகதி முடியவில்லை என்றாலும் அந்த விசாவில் இப்போது போக முடியாது. கொவிட் தொடங்கியபோது இடைநிறுத்தப்பட்ட பழைய சுற்றுலா விசாக்கள் இன்னும் உயிர்பெறவில்லை. புதிதாக 30 நாள் விசா எடுங்கள். ஒருமுறை நுழைவு, கிடைத்த நாளிலிருந்து 120 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். அதனால் மிக முன்கூட்டியும் எடுக்க வேண்டாம்.

எயார் சுவிதா என்ற இந்தியாவின் பயணிகள் பதிவு இணையத்தளத்தில் சுய அறிவிப்பை நிரப்பி, கடந்த 14 நாள் பயண விவரத்தோடு பிசிஆர் அறிக்கையையும் ஏற்றுங்கள். சில நாட்டவருக்கு ஊசிச் சான்றிதழே போதுமென்று புதிய விதி வந்திருக்கிறது. வயதானவர்களோடு போகும்போது அதைப் பரீட்சித்துப் பார்க்காமல் பிசிஆரும் எடுத்துவிடுங்கள். ஜனவரி 11 முதல் இருந்த ஏழு நாள் வீட்டுத் தனிமைப்படுத்தல் பெப்ரவரி 14இல் நீங்கியது. இறங்குபவரில் இரண்டு வீதமானோரை மட்டும் பிடித்துப் பரிசோதிக்கிறார்கள், மாதிரி கொடுத்துவிட்டு வெளியே போகலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரிசோதனை இல்லை. 2022 பெப்ரவரியில் பலாலி விமான நிலையச் சேவை மறுபடி தொடங்கியிருக்கவில்லை, அதனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோரும் கட்டுநாயக்க வந்துதான் ஏற வேண்டியிருந்தது.

கேள்வி: பாங்கொக் போவதற்குக் காப்புறுதி எது நல்லது? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: நிறுவனப் பெயரைவிட உள்ளே எழுதியிருப்பதைப் பாருங்கள். மார்ச் 1 முதல் தாய்லாந்து கேட்கும் தொகை 50,000 அமெரிக்க டொலரிலிருந்து 20,000 ஆகக் குறைகிறது. ஐந்தாம் நாள் பிசிஆரும் அதற்கான இரண்டாவது ஹோட்டல் பதிவும் போய், நீங்களே எடுக்கும் அன்டிஜன் வருகிறது. முதல் நாள் பிசிஆரும், முடிவு வரும்வரை அறைக்குள் இருப்பதும் அப்படியே.

முக்கியம் இதுதான்: அறிகுறி இல்லாமல் பொசிட்டிவ் வந்து தனிமைப்படுத்தப்பட்டால் காப்புறுதி பணம் தருமா? பல ஒப்பந்தங்களில் ‘மருத்துவத் தேவை’ இருந்தால் மட்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் ஹோட்டல் தனிமைப்படுத்தலின் முழுச் செலவும் உங்கள் தலையில். தொற்றுநோய் விலக்கு உள்ள சாதாரணப் பயணக் காப்புறுதியும் வேண்டாம். தாய்லாந்துப் பாஸ் எனும் இணைய நுழைவு அனுமதி விண்ணப்பத்துக்கு ஒரு வாரமாவது விடுங்கள். விசா வேறு, 2022இல் அதைக் கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: திரும்பி வரும்போது? (வத்தளை வாசகி)

பதில்: ஊசி முழுமையாகப் போட்டவர்களுக்கு மார்ச் 1 முதல் புறப்படுமுன் பரிசோதனை தேவையில்லை. இணையச் சுகாதாரப் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொண்டு வாருங்கள். ஆனால் வேறொரு நாட்டு விமான நிலையம் வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் வந்தால், அந்த நாட்டுக்குள் நுழைந்து மறுபடி ஏறுகிறீர்கள் என்றே கணக்கு. அவர்களது விசாவும் பரிசோதனையும் உங்களுக்குப் பொருந்தும். பயணப்பொதி கடைசி இடம்வரை போகும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

கேள்வி: வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. அட்டையை நம்பிப் போகலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் மூன்றோடும் உங்கள் சொந்தக் கிளைக்குப் போய்க் கேளுங்கள். சிறு தொகையாவது அங்கேதான் வாய்ப்பு. தெருவில் மாற்ற வேண்டாம், அது சட்டவிரோதம். கடனட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லி, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஹோட்டல் முற்பணம் போன்ற சிறு கட்டணமொன்றை அதில் செலுத்திப் பாருங்கள். மறுக்கப்பட்டால் உச்சவரம்பு எவ்வளவென்று கேட்டு, இரண்டாவது அட்டையொன்றுக்கு ஏற்பாடு செய்ய நாள் இருக்கும்.