2008 பெட்டியின் கறுப்புச் சுருட்டு செத்துவிட்டதா?

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் பொறியாளர். ஊர் தூத்துக்குடி. 2009இல் ஹவானாவில் வாங்கிய, கோஹீபா என்ற கியூபச் சுருட்டின் மதூரோ 5 வரிசையைச் சேர்ந்த ஹேனியோஸ் பெட்டியில் இன்னும் ஏழு சுருட்டுகள் இருக்கின்றன. பெட்டியின் அடியில் 2008 என்று முத்திரை. அதே வரிசையில் செக்ரேத்தோஸ் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன்; அது 2019. விடுப்பில் வந்தபோது ஒரே இரவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தேன். பழையது சாதுவாக இருந்தது. புதியது காரமும் இனிப்புமாக இருந்தது. பழசு செத்துவிட்டது என்கிறார் நண்பர். இலைக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள் என்றும் சொல்கிறார். ஒன்றிரண்டு சுருட்டுகளின் மேல் வெள்ளையாகவும் ஏதோ படிந்திருக்கிறது. எப்படிச் சுவைத்து ஒப்பிடுவது?

பதில்: செத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் நடத்திய ஒப்பீட்டை வைத்து அதை முடிவுகட்ட வழியில்லை. வயது வித்தியாசம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் பெரும்பங்கு பருமன் வித்தியாசம்.

ஹேனியோஸ் 140 மில்லிமீட்டர் நீளம், 52 வளைய அளவு. செக்ரேத்தோஸ் 110 மில்லிமீட்டர், 40 வளைய அளவு. ஒரு வளைய அளவு என்பது ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. அதாவது ஹேனியோஸின் குறுக்களவு 20.6 மில்லிமீட்டர், செக்ரேத்தோஸுக்கு 15.9. மேலிலை, அதாவது வெளியே சுற்றும் இலை, சுருட்டின் சுற்றளவோடு கூடும். உள்ளே நிரப்பும் உள்ளிலையோ குறுக்களவின் வர்க்கத்தோடு கூடும். கணக்குப் போட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் செக்ரேத்தோஸில் மேலிலையின் பங்கு ஹேனியோஸைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு. மதூரோவில் அந்த மேலிலைதான் நாயகன். ஒல்லியான சுருட்டில் இனிப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே வயதாக இருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சாய விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மதூரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் கனிந்தது என்று பொருள். யாழ்ப்பாணத்தில் கோடா போட்டுச் சுருட்டும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு, கறுப்பு என்றாலே எதிலோ நனைத்தது என்று தோன்றும். கியூபாவில் அப்படியில்லை. பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்த்தா அபாஹோ பகுதியில், சான் ஹுவான் இ மர்த்தினேஸ், சான் லூயிஸ் ஊர்களைச் சுற்றி, மெல்லிய துணிப் பந்தலின் கீழ்தான் மேலிலைச் செடி வளர்கிறது. பந்தல் நிழலில் இலை அகலமாகவும் மெலிதாகவும் வரும். செடியின் உச்சியை நெருங்க நெருங்க இலை தடிக்கும், எண்ணெய்ப் பசை கூடும். மதூரோவுக்கு எடுப்பது அந்த மேல்வரிசை இலைகள். அவற்றைப் போர் போட்டு, சாதாரண மேலிலையைவிடக் கூடுதல் சூட்டில், கூடுதல் நாட்கள் பாடம் போடுகிறார்கள், அதாவது புளிக்க வைக்கிறார்கள். கருப்பஞ்சாறு காயக் காய நிறம் இறங்கிக்கொண்டே போகுமே, அதுபோல இலையும் இறங்குகிறது. மெலிந்த இலை அந்தச் சூட்டுக்குக் கிழிந்துபோகும், தடித்தது தாங்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஈரமான வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். லேசான தேநீர்ப் பழுப்பு ஒட்டினால் அது இலையின் இயல்பு. துணி மைபோலக் கறுத்தால் கவலைப்படலாம்.

கறுப்பு என்றால் காரம் என்பதும் தவறு. காரம் உள்ளிலையிலிருந்து வருகிறது. குறிப்பாக, வெயிலில் வளர்ந்த செடியின் மேல்பகுதியிலிருந்து எடுக்கும் லிஹேரோ இலையிலிருந்து. மேலிலை தருவது மணமும் நாக்கில் படியும் இனிப்புச் சாயலும்தான். அந்த இனிப்பும் சர்க்கரை அல்ல. நிழலில் உலர்த்திப் பாடம் போட்ட சுருட்டுப் புகையிலையில் சர்க்கரை கிட்டத்தட்ட மிஞ்சுவதே இல்லை. மணம்தான் நாக்கை இனிப்பு என்று நம்ப வைக்கிறது.

இனி வயதுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான். மதூரோ 5இல் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பெயரில் உள்ள 5, மேலிலை சுருட்டப்படும் முன்பே குறைந்தது ஐந்து ஆண்டுகள் கிடங்கில் இருந்ததைச் சொல்கிறது. பெட்டியின் அடியில் இருக்கும் மாதமும் ஆண்டும் பெட்டி கட்டிய தேதி. ஆக 2008 பெட்டியின் மேலிலை 2003 அல்லது அதற்கு முந்தைய விளைச்சல்; 2019 பெட்டியினுடையது 2014 அல்லது அதற்கு முந்தையது. உள்ளிலைக்கு இந்த ஐந்தாண்டுக் காத்திருப்பு கிடையாது. மேலிலை தன் முரட்டுத்தனத்தைப் பெட்டிக்குள் வருமுன்பே பெரும்பாலும் இழந்துவிட்டது. பெட்டிக்குள் கழிந்த ஆண்டுகளில் அதிகம் மாறியிருப்பது உள்ளிலைதான். அதில் மிஞ்சிய அம்மோனியா மெல்ல வெளியேறும், துவர்ப்பு மழுங்கும், மிளகுக் காரம் தணியும். அதனால் பழைய மதூரோவைச் சோதிப்பவர் நிறத்தையும் முதல் பத்து இழுப்பையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உள்ளிலை வாய் திறக்கும் கடைசி மூன்றில் ஒரு பங்குவரை பொறுத்திருக்க வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுவது? வயதின் வேலையை அறிய வேண்டுமானால், 2008 ஹேனியோஸுக்கு எதிரில் ஒரு புதிய ஹேனியோஸை வையுங்கள். அடுத்த பயணத்தில் பெட்டியாக வாங்க வேண்டாம். சில்லறையாக இரண்டு போதும். மேலிலையின் வேலையை அறிய வேண்டுமானால் அதே ஆண்டின் கோஹீபா ரொபுஸ்தோஸைத் தேடுங்கள். 124 மில்லிமீட்டர், 50 வளைய அளவு. ஹேனியோஸுக்குப் பக்கத்து உருவம், பழுப்பு மேலிலை. பார்த்தகாஸ் என்ற இன்னொரு கியூபச் சுருட்டின் பிரியராக இருந்தால் இதையே செரீ தே எண் 4, மதூரோ எண் 1 ஆகியவற்றை வைத்தும் செய்யலாம். ‘எதிசியோன் லிமித்தாதா’ என்று கூடுதல் பட்டை போட்ட சுருட்டுகளைக் கறுப்பாக இருக்கிறதே என்று இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். 2000இல் தொடங்கிய அந்த வகையில் மேலிலைக்கு இரண்டு ஆண்டுப் பழமைதான் நிபந்தனை. 2007 முதல் எல்லா இலைக்கும் அந்த நிபந்தனை உண்டு. நல்ல சுருட்டுகள், ஆனால் வேறு கணக்கு.

சுவைக்கும் முன் இரண்டு பெட்டிகளின் ஈரத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகள் கெடுவது இங்கேதான். தூத்துக்குடி வெப்பத்தில் அலமாரியில் வைத்த சுருட்டு ஊறிப்போகும். குளிர்சாதன அறையில் திறந்து வைத்தது காய்ந்துபோகும். ஊறியது கசக்கும், காய்ந்தது சூடாக எரிந்து தட்டையாகும். இரண்டையும் ஒரே பெட்டகத்தில், காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் போட்டு, 18 டிகிரி அளவில் மூன்று மாதம் வையுங்கள். நம் ஊர்க் கோடைக்கு வைன் கூலர் எனப்படும் சிறிய குளிர்பெட்டியைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சென்னையில் ஒரு மே மாதம் சாதாரண மரப்பெட்டியை நம்பி, ஒரு முழுப் பெட்டியைப் புகையிலை வண்டுக்குப் பறிகொடுத்தவன் நான். 24 டிகிரியைத் தாண்டிய சூட்டில் முட்டை பொரிந்து, குண்டூசித் துளைகள் விழும். உங்கள் 2008 பெட்டியில் துளை இருந்தால் சுருட்டுகளைக் காற்றுப்புகாத பையில் இட்டு, ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், பிறகு நான்கு நாள் உறைபெட்டியில், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து வெளியே எடுங்கள். நேராக உறைபெட்டியில் வைத்தால் மேலிலை வெடிக்கும்.

அந்த வெள்ளைப் படிவு: எண்ணெய் படிகமாகப் பூத்திருக்கிறது, பழமையின் அடையாளம் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பூஞ்சைதான். உருப்பெருக்கியில் பாருங்கள், பஞ்சுபோல எழும்பி, வட்ட வட்டமாகத் திட்டுகள் இருந்தால் ஐயமே வேண்டாம். மேலிலையோடு நின்றிருந்தால் மென்மையான தூரிகையால் துடைத்து, ஈரத்தைக் குறைத்துத் தனியாக வைக்கலாம். பற்றவைக்கும் முனையில் உள்ளிலைக்குள் இறங்கியிருந்தால், நீலம் பச்சையாக நிறம் காட்டினால், விலையை நினைக்காமல் எறிந்துவிடுங்கள்.

சுவைக்கும் முறை இதுதான். ஒரே இரவில் இரண்டு வேண்டாம். சுருட்டுப் புகை வேதியியல் பொருளில் காரத்தன்மை உடையது, அமிலத்துக்கு எதிரானது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறும். இரண்டாவது சுருட்டு காரமாகத் தெரிந்ததற்கு முதலாவது விட்டுச்சென்ற நிக்கோட்டினும் ஒரு காரணம். புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. இதை மறைத்துவிட்டு ஆலோசனை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு சுருட்டுகளுக்கு நடுவே பல நாள் இடைவெளி விடுவது சுவைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

ஒரு ஞாயிறு பழையது, அடுத்த ஞாயிறு புதியது, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியான சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து. குடிக்கத் தண்ணீர் மட்டும். காப்பியும் ரம்மும் மதூரோவுக்கு அருமையான துணை, ஆனால் அவை ஒப்பீட்டின் எதிரிகள். ரம்மின் இனிப்பு எல்லாச் சுருட்டையும் நல்லதாக்கிவிடும். எது எது என்று தெரியாமல் பிடிப்பது முக்கியம். கோஹீபாவின் பட்டை 2014இல் மாறிவிட்டதால் ஓரக்கண்ணிலேயே வயது தெரிந்துவிடும். பழைய பட்டையைக் கழற்றப் போய் மேலிலையைக் கிழித்துவிடாமல், வீட்டில் யாரையாவது வெள்ளைக் காகிதத்தால் மூடிச் சுற்றி எண் போடச் சொல்லுங்கள்.

பற்றவைக்குமுன் சுருட்டை மூக்கருகே வைத்து முகருங்கள். வெட்டியபின் நெருப்பில்லாமல் இரண்டு இழுப்பு இழுங்கள். இளசில் மாட்டுத் தொழுவ வாடை இருக்கும். அது அம்மோனியாவும் பாடத்தின் மிச்சமும். பழசில் உலர்ந்த அத்தி, கொக்கோ, மூடிவைத்த மரப்பெட்டியின் வாசனை. பற்றவைத்தபின் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். மதூரோ மேலிலை தடித்தது, எண்ணெய் மிகுந்தது. அவசரப்படுத்தினால் கருகிய காப்பிக்கொட்டையின் கசப்பைக் கொடுத்து மற்றதையெல்லாம் மூடிவிடும். சுருட்டை மனதில் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கு முடியும்போதும் இரண்டு வரி எழுதுங்கள். அயல்நாட்டார் சொல்லும் சுவைப் பெயர்களைத் தேட வேண்டாம். கருப்பட்டி, சுக்கு, நல்லமிளகு, புளியம்பழத்தின் ஓடு, மழை விழுந்த செம்மண் என்று உங்கள் நாக்கு அறிந்ததை எழுதுங்கள். ஓராண்டு கழித்துப் படித்தாலும் புரியும்.

எல்லாவற்றிலும் நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு. புகையை ஊதியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். கனிந்த சுருட்டு சத்தம் குறைந்திருக்கும், ஆனால் புகை போனபிறகும் கொக்கோவும் மரமும் நாக்கின் பின்பக்கம் நின்றுகொண்டிருக்கும். கடைசிப் பங்கில் புதிதாக ஏதாவது வரும். செத்த சுருட்டில் புகை போனதும் சுவையும் போய்விடும். ஈரக் காகிதம் போல ஒன்று மட்டும் மிஞ்சும், முதல் பங்கும் மூன்றாம் பங்கும் ஒரே மாதிரி இருக்கும். “சாதுவாக இருந்தது” என்றுதான் எழுதியிருக்கிறீர்களே தவிர, வெறுமையாக இருந்தது என்று எழுதவில்லை. அதனால்தான் முதல் வரியிலேயே செத்திருக்காது என்றேன்.

பெட்டி அசலா என்றும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். உலகில் அதிகம் போலியாவது கோஹீபாதான். அடிப்பலகையில் ஹபானோஸ் நிறுவனப் பெயரும், கியூபாவில் கையால் செய்தது என்ற ஸ்பானிய வாசகங்களும் சுட்டுப் பதித்திருக்க வேண்டும். ஆலைக் குறியும் மாதமும் ஆண்டும் மையில் இருக்கும். தெருவில் ஒருவர் கைப்பிடித்து அழைத்துப்போய் விற்ற பெட்டி என்றால் மேலே சொன்ன எதையும் அதில் சோதித்துப் பயனில்லை.

ஏழு ஹேனியோஸில் இரண்டை இந்த ஒப்பீட்டுக்குச் செலவிடுங்கள். மூன்றாம் பங்கில் சுவை நின்றால் மீதி ஐந்தை அடுத்த நாலைந்து ஆண்டுக்குள் பிடித்துவிடலாம். அதற்கு மேல் வைத்திருக்க நான் துணியமாட்டேன், உள்ளிலையின் வேகம் இன்னும் இறங்கும். செக்ரேத்தோஸ் பெட்டியைப் பொறுத்தவரை இப்போதே பிடிக்கத் தக்கதுதான் என்றாலும், நீங்கள் சொன்ன அந்தக் காரம் தணியட்டும். மூன்று ஆண்டு கழித்து ஒன்றை எடுத்து, இப்போது எழுதிவைத்த வரிகளோடு ஒத்துப் பாருங்கள்.